குபான் சமவெளி: கோதுமை நிலத்தில் நெல் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "ரஷ்யாவின் கிராஸ்னதார் பகுதியில் நெல்லும் தேயிலையும்கூட விளைகின்றன என்று படித்தேன். பனி கொட்டுகிற நாட்டில் இது எப்படி முடிகிறது? அங்கே இருக்கும் கருமண் நம்முடைய கரிசல் மண்தானா?"

நெல் உண்மை, தேயிலையும் உண்மை. கரிசல் விஷயத்தில் மட்டும் பதில் குபான் ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மண்ணியல் படிக்கப் போய் அந்த ஊரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கிராஸ்னதார் நகரம் ஏறத்தாழ 45 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரமும் அதே கோட்டில்தான். தூரினுக்குக் கிழக்கே போ ஆற்றுச் சமவெளியில் பல நூற்றாண்டுகளாக நெல் விளைகிறது, அதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. ரஷ்யா என்றதும் நம் மனம் சைபீரியாவுக்கு ஓடிவிடுவதுதான் சிக்கல். கிராஸ்னதாரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் சுழியத்தை ஒட்டியே நிற்கும். ஜூலையில் 24 டிகிரி. ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம் நீளும். பயிருக்கு வேண்டிய வெயில் கோடையில் தாராளமாகவே கிடைக்கிறது.

பகுதியின் பரப்பு சுமார் 75,500 சதுர கிலோமீட்டர். எல்ப்ரூஸ் மலையின் பனியாறுகளில் பிறந்து 870 கிலோமீட்டர் ஓடி அசோவ் கடலில் கலக்கும் குபான் ஆறு இதை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் மண்ணைக் 'குபான்' என்றே சொல்வார்கள். கிராஸ்னதார் என்பது அரசாங்கக் காகிதத்துப் பெயர். ஆற்றுக்கு வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான புல்வெளி, இப்போது முழுக்க வயல். தெற்கே நிலம் மெல்ல ஏறிக் காகசஸ் மலையாகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கருங்கடல். மேற்கே ஆறு கடலைத் தொடும் இடத்தில் நாணல் மண்டிய சதுப்பு. இந்த நான்கையும் ஒரே ஊராக நினைத்தால் எதுவும் புரியாது. அசோவ் கரையில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல ஆண்டு. கிராஸ்னதாரில் 700. சோச்சிக்கு மேலே அசீஷ்கோ மலையில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல். ரஷ்யாவிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் அது ஒன்று. ஒரே நிர்வாகப் பகுதிக்குள் இவ்வளவு வேறுபாடு.

மழையைப் பிரிப்பதும் குளிரைத் தடுப்பதும் அந்த மலைச்சுவர்தான். ஆனால் சுவர் தெற்கே இருக்கிறது. வடகிழக்கு முழுக்கத் திறந்த வாசல்; கஜகஸ்தான் பக்கத்துக் காற்று தடையில்லாமல் உள்ளே வரும். குபானின் மண்ணைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுவார்கள். அங்கே இருந்தபோது எனக்குப் பட்டது வேறு: அந்த ஊர் விவசாயியைத் தூங்க விடாதவை காற்றும் தண்ணீரும்தான்.

மண்ணுக்கு வருகிறேன். முதல் கோடையிலேயே எங்களை வயலோரத்தில் ஒரு குழிக்குள் இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கும் ஆழமான குழி. ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கியிருந்தார்கள். மேலிருந்து என் நெஞ்சளவு வரை ஒரே கருமை, அதற்குக் கீழே மெல்லப் பழுப்பாகிப் பின் மஞ்சள். கையில் எடுத்தால் கட்டியாக வரவில்லை. கேழ்வரகுப் புட்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழு போன துளைகள் சுவர் முழுக்க. ஒரு மீட்டர் ஆழத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தாற்போல மெல்லிய இழைகள். தொட்டுப் பார்த்தால் பூஞ்சை இல்லை, சுண்ணாம்பு. இன்னும் கீழே, மஞ்சள் மண்ணுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கறுப்புத் திட்டுகள். புல்வெளியாக இருந்த காலத்தில் வளை தோண்டி வாழ்ந்த விலங்குகளின் வளைகள் அவை. மேல்மண் அவற்றுக்குள் விழுந்து நிரம்பியிருக்கிறது.

இதுதான் செர்னோசெம். வேர் அடர்ந்த புல்வெளி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முளைத்து மடிந்து சேர்த்துவைத்த மக்கு அது. குபானில் இந்தக் கறுப்பு அடுக்கு ஒன்றரை மீட்டர் வரை போகும். ஆனால் ஒரு முரண் இருக்கிறது: வரோனெஷ் போன்ற வடக்குப் பகுதிகளில் அடுக்கு மெலிதாக இருந்தாலும் மக்கின் அளவு அதிகம், இங்கே அடுக்கு தடிமன், மக்கோ மேல்மண்ணில் சுமார் 4 சதவீதம்தான். காரணம் இதமான குளிர்காலம். மண் அதிக நாள் உறைந்து கிடப்பதில்லை, நுண்ணுயிரும் புழுவும் ஆண்டில் பெரும்பகுதி வேலை செய்கின்றன. மக்கை ஆழத்துக்குக் கொண்டுபோவதும் அவைதான், தின்று தீர்ப்பதும் அவைதான்.

இனி கரிசல். நம் கரிசலில் மக்கு ஒரு சதவீதம் தேறுவதே அரிது. அதன் கறுப்புக்குக் களிமண்ணும் அதோடு இறுகப் பிணைந்த சொற்ப மக்குமே காரணம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் குணமும் அந்தக் களிமண்ணுடையது. செர்னோசெம் அப்படி வெடிக்காது. ஆக, வடகரையில் நிற்பது கரிசல் இல்லை. ஆற்றைத் தாண்டித் தென்கரைக்குப் போங்கள். கிராஸ்னதார் பகுதியால் சூழப்பட்ட அதிகேயா குடியரசின் பக்கமும் மலையடிவாரத்திலும் ஒரு கனத்த கறுப்பு மண் உண்டு. மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த ஊரார் இதை 'ஒட்டிக்கொண்ட' மண் என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். மண் வகைப்பாட்டில் அதுவும் நம் கரிசலும் ஒரே குடும்பம். கோவில்பட்டிக்காரர் ஒருவரை அங்கே கண்ணைக் கட்டி இறக்கிவிட்டால், குளிரை வைத்துத்தான் வேற்றூர் என்று கண்டுபிடிப்பார்.

வடகரைச் சமவெளியின் ராஜா குளிர்காலக் கோதுமை. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் விதைத்து முடிப்பார்கள். பயிர் முளைத்துத் தூர் கட்டி, பச்சையாகவே குளிருக்குள் நுழைந்து உறங்கும். அந்தக் குளிர் அதற்குத் தேவை. சில வாரம் குளிர்ந்தால்தான் வசந்தத்தில் கதிர் விடும். பயம் பிப்ரவரியில் வருகிறது. திடீரென்று ஒரு வாரம் 15 டிகிரி வெயில் அடிக்கும். உள்ளூரில் இதற்குப் 'பிப்ரவரி ஜன்னல்' என்று பெயர். பயிர் ஏமாந்து விழித்துக்கொள்ளும். பிறகு மறுபடி உறைபனி விழுந்தால் இளம் குருத்து கருகும். இதெல்லாம் தாண்டினால் ஜூன் மாதம், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், கிழக்கிலிருந்து வறண்ட வெப்பக்காற்று. 'சுகவேய்' என்பார்கள். இரண்டு மூன்று நாள் வீசினாலே மணி சுருங்கிச் சாவியாகிவிடும். தப்பித்தால் ஜூன் கடைசியில் அறுவடை தொடங்கி ஜூலை நடுவுக்குள் முடிந்துவிடும். ஹெக்டேருக்கு ஆறு டன் எடுப்பது இங்கே சாதாரணம்.

இந்தக் கோதுமைக்குப் பின்னால் பாவெல் லுக்யானென்கோ (1901–1973) என்ற மனிதர் இருக்கிறார். இங்கேயே ஒரு கசாக்கு ஊரில் பிறந்தவர். (கசாக்குகள் ரஷ்யப் பேரரசின் எல்லைகளில் குடியேறிய குதிரைப்படை வீரர் சமூகம்; கஜகஸ்தான்காரர்கள் இல்லை.) அர்ஜென்டினாவிலிருந்து வந்த குட்டையான, துரு நோயைத் தாங்கும் ஒரு ரகத்தை உள்ளூர் ரகங்களோடு கலந்து, 1959இல் 'பெஸோஸ்தயா 1' ரகத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தார். பெயரின் பொருள் 'மீசை இல்லாதது'. கதிரில் சுணை இருக்காது. அதற்கு முன் பயிர் உயரமாக வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும். இது சாயாமல் நின்றது. கிழக்கு ஐரோப்பா முழுக்கவும் துருக்கியிலும் பரவியது. அவருடைய பிற்கால ரகமான 'காவ்காஸ்' இந்தியாவுக்கே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. அதில் ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற சர்வதேசக் கோதுமை, மக்காச்சோள ஆய்வு மையத்தினர் அதை நம் கல்யாண்சோனா உள்ளிட்ட ரகங்களோடு கலந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் பஞ்சாபில் ஒரு காலத்தில் எங்கும் நின்ற பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமை ரகம்.

காற்று என்று சொன்னேனே, 1969ஐ இன்றும் அங்கே வயதானவர்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் பனி இல்லை. உறைந்து உலர்ந்த மேல்மண் தூளாகிக் கிடந்தது. வடகிழக்குக் காற்று நாள் கணக்கில் வீசி, மண்ணை விதையோடும் முளைத்த பயிரோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது என்பார்கள். பல லட்சம் ஹெக்டேர் குளிர்காலப் பயிர் ஒரே பருவத்தில் அழிந்தது. பறந்த மண் மரவரிசைகளில் மோதி மேடு மேடாகக் குவிந்தது. அந்த மேடுகளில் சில இன்னும் இருக்கின்றன. வயலிலிருந்து மரவரிசைக்குள் நுழையும்போது காரணமே இல்லாமல் தரை உயரும், அதுதான்.

அந்த மரவரிசைகள் குபானின் முகம் என்றே சொல்லலாம். விமானத்திலிருந்து பார்த்தால் சமவெளி முழுக்கக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம். 1948 அக்டோபரில் சோவியத் அரசு ஒரு பெரும் மரநடவுத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பும் பின்பும்கூட நட்டார்கள். ஓக், ஆஷ், வெள்ளைப் பூப் பூக்கும் ரொபீனியா. காற்றின் வேகத்தைக் குறைக்கும், பனியை வயலிலேயே பிடித்து வைக்கும், மே மாதம் தேனீக்குப் பூ கொடுக்கும். கூட்டுப்பண்ணைகள் கலைந்த பிறகு அவை யாருடைய பொறுப்பு என்பதே குழப்பமாகிவிட்டது. பல இடங்களில் வைக்கோல் தாளைக் கொளுத்தும் நெருப்பு ஏறி மரம் கருகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு 1969 வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சூரியகாந்தியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தவறு. கிராஸ்னதாருக்குப் பக்கத்தில் குருக்லிக் என்ற இடத்தில் வசீலி புஸ்தவோய்த் (1886–1972) 1912 முதல் உழைத்தார். அவர் தொடங்கியபோது விதையில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குதான். அவர் முடித்தபோது பாதிக்கும் மேல். கூடவே, வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் ஒரோபாங்கி என்ற ஒட்டுண்ணிக் களையைத் தாங்கும் ரகங்களையும் தந்தார். நம் ஊரில் சூரியகாந்திச் சாகுபடி 1969 வாக்கில் சோவியத்திலிருந்து வந்த சில ரகங்களோடுதான் தொடங்கியது. இ.சி. 68414 என்று நம் பழைய வேளாண் கையேடுகளில் வரும் ரகம், புஸ்தவோய்தின் 'பெரெதவீக்'. இ.சி. 68415, குபானின் கிழக்கே இருக்கும் அர்மவீர் ஊரின் ரகம். இன்றைக்கோ நாம் விதையை விட்டுவிட்டு எண்ணெயாகவே வாங்குகிறோம். அதில் பெரும்பங்கு ரஷ்ய எண்ணெய். கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்க், குபானின் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் வாசல். ஒரே நிலத்தில் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சூரியகாந்தி போட வேண்டும் என்பது பழைய விதி. விலை நன்றாக இருக்கும்போது அந்த விதியை யார் மதிக்கிறார்கள்? ஒரோபாங்கியும் புதிய வடிவங்களில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட நெல். அது நல்ல மண்ணில் விளையவில்லை என்பதுதான் இதில் சுவையான விஷயம். குபான் ஆறு கடலை நெருங்கும்போது பல கிளையாகப் பிரிந்து ஒரு பெரிய சதுப்பாகப் பரவுகிறது. 'பிளாவ்னி' என்பது அதன் பெயர். இரண்டு ஆள் உயர நாணல், இடையிடையே 'லிமான்' எனப்படும் ஆழமில்லாத ஏரிகள், தரை உப்பு. 1790களில் இரண்டாம் கேத்தரின் அரசி கொடுத்த நிலத்தில் குடியேறிய கசாக்குகளை இங்கே மலேரியா கொத்துக் கொத்தாகக் கொன்றது. கோதுமைக்கு இந்த இடம் எதற்கும் ஆகாது. 1930களில் இங்கே நெல்லை முயன்றார்கள். வயலில் தண்ணீர் நிற்க நிற்க உப்பு கரைந்து கீழே இறங்கி வடிகால் வழியே போய்விடும். நெல் விளையும், நிலமும் தேறும். நிறுத்திவிட்டால் அடியில் இருக்கும் உப்புநீர் கோடை வெயிலில் மேலே ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும். அதாவது நெல்லை ஒருமுறை தொடங்கினால் விட முடியாது.

அந்த 1930களுக்கு இன்னொரு முகமும் உண்டு. தானியக் கொள்முதல் இலக்கை எட்டாத ஊர்களைக் கரும்பட்டியலில் வைத்தார்கள். கடைகளை மூடி, ஊரைச் சுற்றி வளைத்தார்கள். 1932 டிசம்பரில் பல்தாவ்ஸ்கயா என்ற கசாக்கு ஊரை ஏறக்குறைய மொத்தமாகவே வடக்கே நாடு கடத்திவிட்டு, செம்படையிலிருந்து வந்தவர்களைக் குடியேற்றி, ஊரின் பெயரையும் 'கிராஸ்னஅர்மேய்ஸ்கயா' என்று மாற்றினார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் குபான் முழுக்கப் பெருந்திரளானோர் மடிந்தார்கள். உலகின் மிகச் செழிப்பான மண்ணின் மேல் நடந்தது இது. ஊருக்குப் பழைய பெயர் சோவியத் உடைந்த பிறகே திரும்பியது. இன்று குபானின் முக்கியமான நெல் மாவட்டம் ஒன்றின் தலைமையிடம் அதுதான்.

வயலுக்கு 'செக்' என்று பெயர். நான்கு பக்கமும் வரப்பு, ஒரு பக்கம் வாய்க்காலும் மடையும், எதிர்ப்பக்கம் வடிகால். ஒரு செக் பல ஹெக்டேர் இருக்கும். லேசர் கருவி வைத்துத் தரையைச் சில சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குள் சமன் செய்கிறார்கள். நாற்றங்கால், நடவு எதுவும் கிடையாது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம்வரை இயந்திரத்தால் நேரடியாக விதைத்து, தண்ணீர் காட்டி முளைக்க வைத்து, பயிர் எழுந்ததும் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். ஹெக்டேருக்கு 15,000 முதல் 20,000 கனமீட்டர் வரை தண்ணீர் குடிக்கும். எல்லாம் குட்டை, உருண்டை அரிசி. பூக்கும் நேரத்தில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். அதனால் எல்லாம் ஆகஸ்டுக்குள் பூத்தாக வேண்டும். செப்டம்பரில் அறுவடை. சேற்றில் புதையாமல் இருக்க அறுவடை இயந்திரத்துக்குச் சங்கிலிப் பட்டை போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டு நெல்லுக்குப் பிறகு குதிரைமசால் போட்டு நிலத்துக்கு ஓய்வு தருவார்கள். விளைச்சல் ஹெக்டேருக்கு ஆறேழு டன். ரஷ்யாவில் விளையும் நெல்லில் பெரும்பங்கு இங்கேதான்.

இவ்வளவு தண்ணீருக்காகக் கிராஸ்னதாருக்குப் பக்கத்திலேயே ஓர் அணை கட்டி, 1973 முதல் 1975 வரை நிரப்பினார்கள். சுமார் 400 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அதிகேயாவின் பூர்வகுடிகளான அதிகே மக்களின் பல ஊர்கள், தோட்டங்கள், இடுகாடுகளோடு அதற்குள் மூழ்கின. மலையிலிருந்து வரும் வண்டல் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துக்கொண்டே இருக்கிறது. நடுவே திட்டு எழுந்து நீர்ப்பரப்பையே இரண்டாகப் பிரித்துவிட்டது. 1980 வாக்கில் 'பத்து லட்சம் டன் குபான் நெல்' என்பது கட்சியின் முழக்கம். அதற்காக விதைக்கக் கூடாத இடத்திலும் விதைத்தார்கள், களைக்கொல்லியை அளவில்லாமல் கொட்டினார்கள். அது வடிகால் வழியே லிமான்களுக்குப் போய் மீன்களின் வாழ்விடத்தைக் கெடுத்தது. பிறகு சோவியத் உடைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, உற்பத்தி பாதாளத்துக்குப் போய், மெல்ல எழுந்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2022 ஏப்ரலில் தெரிந்தது. அணைக்குக் கீழே, நெல் வாய்க்கால்களுக்கு நீர்மட்டத்தை உயர்த்திக் கொடுக்கும் ஃபியோதரவ்ஸ்கி தடுப்பணையில் மதகுகள் உடைந்தன. 1967இல் கட்டியது. விதைப்புக்குச் சில நாளே இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; வாய்க்காலில் ஏறவில்லை. அந்த ஆண்டு நெல் பரப்பைப் பெருமளவு குறைத்துச் சோயாவும் மற்றதும் போட்டார்கள்.

தேயிலைக்கு வருகிறேன், இது சிறிய கதை. மலைக்கு அப்பால், சோச்சிக்குப் பக்கத்துச் சலகாவுல் கிராமத்தில் கோஷ்மன் என்ற குடியானவர் 1900களின் தொடக்கத்தில் தேயிலை நட்டார். ஜார்ஜியாவின் சாக்வா தோட்டத்தில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. அந்தத் தோட்டம் இருக்கும் பத்தூமி நகரின் பக்கத்திலேயே குளிர் அதிகம், இங்கே எப்படிப் பிழைக்கும் என்று படித்தவர்கள் கையை விரித்த காலம். பிழைத்தது. உலகின் மிக வடக்குத் தேயிலைத் தோட்டங்களில் இவை அடங்கும். வடக்குக் காற்றை மலை தடுக்கிறது, மழை கொட்டுகிறது, மண் புளிப்பு: செடிக்கு வேண்டியது இவ்வளவுதான். மே நடுவில் தொடங்கி செப்டம்பரோடு கொழுந்து எடுப்பது முடிந்துவிடும். மீதி மாதங்கள் செடி உறங்கும்; சில குளிர்காலங்களில் வரிசை வரிசையாகப் பனித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். ரஷ்யர்கள் குடிக்கும் தேநீரில் இது கடுகளவுகூட இல்லை. சுற்றுலா வருகிறவர்கள் சமோவாரில் ஊற்றித் தருவதைக் குடித்துவிட்டு ஒரு பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். நானும் வாங்கினேன். லேசான நிறம், மென்மையான வாசம். பால் ஊற்றினால் காணாமல் போய்விடும்.